பாட்டில் பானமும் பாக்கெட் சரக்கும் எப்படி விக்குது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தத் தொழிலுக்குப் புதுசா வர்றவங்க, சொந்தமா ஒரு டிரிங்க் பிராண்ட் ஆரம்பிக்கலாமான்னு யோசிக்கறவங்க, எம்பிஏ முடிச்சிட்டு எஃப்எம்சிஜி (தினசரி உபயோகத்துக்கு அடிக்கடி வாங்கற சரக்கு) கம்பெனில சேரப் போறவங்கன்னு எல்லாரும் சுத்திச் சுத்தி கேக்கறது இதே கேள்விங்கதான். எனக்கு டிரேட் மார்க்கெட்டிங், அதாவது கடை வழியா சரக்கை நகத்தற பக்கம்தான் பழக்கம், அதனால பதில்ல விளம்பரத்தைவிட கடை, கூலர், ஸ்டாக்கு வாசனை கொஞ்சம் தூக்கலா அடிக்கும், முன்னாடியே சொல்லிடறேன்.

ஜூஸ், சோப்பு, பிஸ்கட், ஷாம்பு எல்லாத்தையும் ஏன் ஒரே துறையா பேசறாங்க?

வாங்கற விதம் ஒண்ணா இருக்கறதால. ஒரு தடவைக்கு ஆகற செலவு கம்மி, அடிக்கடி வாங்க வேண்டியது, தப்பா வாங்கிட்டாலும் பெருசா ஒண்ணும் போயிடாது, அதனால யாரும் உக்காந்து யோசிக்கறதில்ல. கார் வாங்கறவர் பத்து பேரைக் கேப்பார், தாகத்துக்கு பாட்டில் எடுக்கறவர் கூலர் கதவைத் திறந்து கண்ணுல பட்டதுல தெரிஞ்ச பேரா இருந்தா எடுத்துட்டுப் போயிடுவார். அந்த சில நொடிக்குள்ள சரக்கு அங்க இருக்கணும், கண்ணுல படணும், பேர் ஞாபகத்துக்கு வரணும், விலை உறுத்தக் கூடாது. மத்ததெல்லாம் இதுக்கு அப்புறம்தான்.

பானத்துக்கு மட்டும் கூடுதலா ரெண்டு தலைவலி உண்டு. ஒண்ணு எடை. உள்ள இருக்கறது பெரும்பாலும் தண்ணிதான், லிட்டருக்கு ஒரு கிலோ, தூரமா ஏத்திட்டுப் போனா லாபம் லாரி வாடகைக்கே சரியாப் போயிடும். பெரிய கம்பெனிங்க கான்சன்ட்ரேட்டை (தண்ணி சேக்காத கெட்டியான மூலச் சரக்கு) மட்டும் தயாரிச்சு அனுப்பிட்டு பாட்டில்ல நிரப்பற வேலையை அங்கங்க இருக்கற பாட்லர்கிட்ட விடறதுக்கு முக்கியமான காரணம் இதுதான். இன்னொண்ணு குளிர்ச்சி. கடைல சரக்கு இருந்தும் ஜில்லுன்னு இல்லைன்னா அந்த நேரத்து விற்பனைக்கு அது இல்லாத மாதிரிதான்.

புது பானம் ரெடி. கைல இருக்கற காசை முதல்ல விளம்பரத்துல போடறதா, டிஸ்ட்ரிபியூஷன்ல போடறதா?

டிஸ்ட்ரிபியூஷன்ல. விளம்பரம் பாத்துட்டு ஒருத்தர் கடைக்குப் போய் கேட்டு, கடைக்காரர் "அப்படி ஒண்ணு வரலையே, இது இருக்கு எடுத்துக்கங்க"ன்னு பக்கத்து பிராண்டை நீட்டினா, நீங்க செலவு பண்ணி போட்டியாளருக்கு கஸ்டமர் அனுப்பியிருக்கீங்க. கோகோ கோலால 1923-ல தலைவரா வந்த ராபர்ட் வுட்ரஃப் காலத்துல அந்தக் கம்பெனி பிடிச்சுக்கிட்ட கொள்கையே, ஆசை வந்தா கை எட்டற தூரத்துல பாட்டில் இருக்கணும்ங்கறதுதான். ஆறு பாட்டில் அட்டைப்பெட்டியும் அந்த 1920-கள்ல வந்ததுதான், வீட்டுக்குள்ள போய் உக்காரறதுக்காக.

ஆனா ஒரு எச்சரிக்கை, டிஸ்ட்ரிபியூஷன்னு சொன்னதும் முதல் மாசமே ஊரெல்லாம் பரப்பிட நினைக்கறாங்க. ஆயிரம் கடைல ஆளுக்கு அரை கேஸ் (அரைப் பெட்டி) போட்டு, திரும்பிப் போக ஆள் இல்லாம, தூசி படிஞ்சு எக்ஸ்பைரி ஆகறதவிட, நூறு கடைல வாராவாரம் சேல்ஸ்மேன் போய் ரீஃபில் பண்றது எவ்வளவோ மேல். சின்ன பகுதியா எடுங்க, அங்க எந்தக் கடைக்குப் போனாலும் உங்க பாட்டில் இருக்கற அளவுக்கு அடர்த்தியா பண்ணுங்க, அப்புறமா அடுத்த பகுதி.

மீட்டிங்ல நியூமெரிக், வெயிட்டட்னு பேசறாங்களே, அது என்ன?

நூறு கடை இருக்கற ஏரியால முப்பது கடைல உங்க சரக்கு இருந்தா நியூமெரிக் டிஸ்ட்ரிபியூஷன் 30 சதவீதம். ஆனா எல்லா கடையும் ஒரே அளவு விக்காது இல்லையா. அந்த முப்பது கடைங்க சேர்ந்து அந்த கேட்டகரியோட, அதாவது அந்த வகை சரக்கு எல்லாத்தோட மொத்த விற்பனைல 60 சதவீதம் விக்கறதா இருந்தா உங்க வெயிட்டட் 60. நியூமெரிக்கைவிட வெயிட்டட் அதிகமா இருந்தா நல்ல ஓட்டமுள்ள கடைகளைப் பிடிச்சிருக்கீங்கன்னு அர்த்தம். தலைகீழா இருந்தா சேல்ஸ் டீம் டார்கெட் எண்ணிக்கைக்காக சின்னக் கடைகளை மட்டும் சுத்தியிருக்காங்க, பெரிய கடைங்க கதவு இன்னும் திறக்கல.

இதுகூட இன்னொரு நம்பரையும் சேத்துப் பாக்கணும், ஒரு கடைல ஒரு வாரத்துக்கு எத்தன பாட்டில் நகருது. கடை எண்ணிக்கை ஏறி இந்த நம்பர் இறங்கிக்கிட்டே போனா மொத்த விற்பனை கொஞ்ச காலத்துக்கு நல்லா இருக்கற மாதிரிதான் தெரியும், ஆனா அடுத்த வருஷம் கடைக்காரங்களே ஒவ்வொருத்தரா எடுத்து வெளில வெச்சிடுவாங்க.

கடைக்காரர் என் பிராண்டை ஏன் வெக்கணும்? ஏற்கனவே இடம் இல்லைன்னுதான் சொல்றார்.

அவர் பொய் சொல்லல. ஷெல்ஃப் நீளம் கூடாது, உங்களை வெக்கணும்னா வேற ஒண்ணை எடுக்கணும். அவர் மனசுல ஓடற கணக்கு இதுதான்: ஒரு பாட்டிலுக்கு எவ்வளவு மார்ஜின், அது எத்தன நாள்ல சுத்தி வரும், கடன் எத்தன நாள், விக்கலன்னா திரும்ப எடுத்துக்குவாங்களா. புதுசா வர்றவங்க மார்ஜினை மட்டும் ஏத்திக் குடுத்தா போதும்னு நினைக்கறாங்க. மார்ஜின் கம்மியா இருந்தும் வாரத்துக்கு ரெண்டு தடவை காலியாகற சரக்கு, மார்ஜின் ரெண்டு மடங்கு இருந்து மாசத்துக்கு ஒரு தடவை நகரற சரக்கைவிட அவருக்கு லாபம், அது அவருக்கு நல்லாவே தெரியும். அதனால "விக்காததை நானே மாத்திக் குடுக்கறேன்"ங்கற வாக்குறுதிதான் புது பிராண்டுக்கு முதல் கதவைத் திறக்கும், அதை காப்பாத்தறதுதான் ரெண்டாவது ஆர்டரைக் கொண்டு வரும். பெரிய சங்கிலிக் கடைங்க கதை வேற, பல இடத்துல உள்ள நுழையவே லிஸ்டிங் ஃபீன்னு ஒரு கட்டணம் கேப்பாங்க, எண்ட்கேப் (ஷெல்ஃப் வரிசையோட முனைல இருக்கற இடம்) வேணும்னா தனிக் காசு, ஆஃபர் போடணும்னா அதுக்கும் உங்க பங்கு. அந்தப் பணத்தை விலைல முன்னாடியே கணக்கு பண்ணாம உள்ள போனவங்க நிறைய வித்து நிறைய நஷ்டப்பட்டிருக்காங்க.

கூலர் வாங்கிக் குடுத்தா இடப் பிரச்சனை தீந்துடுமா?

பாதி தீரும். கூலர் குடுக்கறது சுலபம், அதுக்குள்ள உங்க சரக்கு மட்டும் இருக்கற மாதிரி பாத்துக்கறதுதான் வேலை. நல்ல சேல்ஸ்மேன் கடைக்குள்ள போனா என்ன பண்றார்னு ஒரு தடவை கூடப் போய் பாருங்க. முதல்ல கூலர் ப்ளக் சொருகியிருக்கான்னு பாப்பார், ஏன்னா ராத்திரி கரண்ட் மிச்சம் பண்ண ஆஃப் பண்ணி காலைல ஆன் பண்ண மறந்திருப்பாங்க. கதவைத் திறந்து முன் வரிசைல ஒரு பாட்டில், பின் வரிசைல ஒரு பாட்டில் தொட்டுப் பாப்பார், பின்னாடி மட்டும் ஜில்லுன்னு இருந்தா கதவு ரப்பர் போயிருக்கும். கண் மட்டத்துல இருக்கற தட்டுல யாரோட பாட்டில் நிக்குது, நம்ம கூலர்ல போட்டி கம்பெனி சரக்கோ பால் பாக்கெட்டோ எவ்வளவு இடம் பிடிச்சிருக்குன்னு எண்ணுவார். அப்புறம் பழைய தேதி பாட்டிலை முன்னாடி இழுத்து புதுசைப் பின்னாடி தள்ளி, லேபிள் வெளிய பாக்கற மாதிரி திருப்பி வெச்சிட்டுத்தான் ஆர்டர் புக்கையே எடுப்பார். ஐஞ்சு நிமிஷ வேலை. இதைச் செய்யாத ரூட்டையும் செய்யற ரூட்டையும் பக்கத்துல வெச்சு பாத்தா, விளம்பரம் ஒண்ணா இருந்தும் விற்பனை ஒண்ணா இருக்காது.

டிஸ்ட்ரிபியூட்டர்களை ஒதுக்கிட்டு நேரா பெரிய கடைங்களுக்கு அனுப்பினா செலவு குறையாதா?

குறையும்னு நினைச்சு பண்ணின ஒரு பெரிய பரிசோதனை ஸ்நாப்பிள்ங்கற டீ, ஜூஸ் பிராண்ட். அமெரிக்கால சின்ன சாப்பாட்டுக் கடைங்க, முக்குக் கடைங்கன்னு தனித்தனி டிஸ்ட்ரிபியூட்டர்ங்க மூலமா ஜில்லுன்னு ஒத்தப் பாட்டிலா வித்து வளந்த பிராண்ட் அது. 1994-ல குவேக்கர் ஓட்ஸ் அதை 170 கோடி டாலருக்கு வாங்கினாங்க. அவங்ககிட்ட ஏற்கனவே கேட்டரேட்ங்கற விளையாட்டு பானம் இருந்துச்சு, அது சூப்பர்மார்க்கெட் கிடங்கு வழியா போற சரக்கு. பேப்பர்ல பிளான் அழகா இருந்துச்சு: ஸ்நாப்பிளோட சூப்பர்மார்க்கெட் கணக்கை நாங்க எடுத்துக்கறோம், பதிலுக்கு டிஸ்ட்ரிபியூட்டர்ங்க கேட்டரேட்டை சின்னக் கடைல விக்கட்டும். டிஸ்ட்ரிபியூட்டர்ங்க முடியாதுன்னுட்டாங்க, ஏன்னா அவங்களுக்கு அலையாம லாபம் வர்றதே அந்த சூப்பர்மார்க்கெட் ஆர்டர்லதான், அதை யாராவது சும்மா விட்டுக் குடுப்பாங்களா. இதுல குவேக்கர் பெரிய பெரிய பாட்டில் சைஸ் வேற இறக்கினாங்க, மத்தியான சாப்பாட்டோட கைல பிடிச்சுக் குடிக்கற பானத்துக்கு அது ஒட்டவே இல்ல. பழைய கிறுக்குத்தனமான விளம்பர ஆளுங்களையும் நிறுத்திட்டாங்க. 1997-ல 30 கோடி டாலருக்கு டிரையார்க் கம்பெனிக்கு வித்துட்டுப் போனாங்க. டிரையார்க் வந்து டிஸ்ட்ரிபியூட்டர்ங்களை சமாதானம் பண்ணி, பழைய துடுக்கைத் திரும்பக் கொண்டு வந்து, 2000-ல மத்த பிராண்டுகளோட சேத்து நல்ல விலைக்கு கேட்பரி ஷ்வெப்ஸ்கிட்ட வித்தாங்க. ஃபேக்டரில இருந்து வந்த டீ பெருசா மாறல, அது கடைக்குப் போற வழியும் அதைச் சுத்தின பேச்சும்தான் மாறிச்சு.

மாசக் கடைசில டார்கெட் அடிச்சிட்டோம், ஆனா அடுத்த மாசம் ஆர்டரே இல்ல. ஏன்?

லோடிங். கம்பெனி டிஸ்ட்ரிபியூட்டருக்கு விக்கறது ப்ரைமரி, டிஸ்ட்ரிபியூட்டர் கடைக்கு விக்கறது செகண்டரி, கடைல இருந்து மக்கள் வாங்கிட்டுப் போறது ஆஃப்டேக். 30-ஆம் தேதி ஸ்கீம் போட்டு டிஸ்ட்ரிபியூட்டர் குடோனை நிரப்பிட்டு அதை வளர்ச்சின்னு கூப்பிடக் கூடாது. சோப்பா இருந்தாக்கூட கொஞ்ச நாள் கிடக்கும், ஜூஸ்னா எக்ஸ்பைரி வந்து நிக்கும், பழைய சரக்கை கம்மி விலைக்கு வெளி ஏரியால தள்ளுவாங்க, அங்க இருக்கற டிஸ்ட்ரிபியூட்டர் உங்களுக்கு போன் போட்டு கத்துவார். ப்ரைமரியை வெச்சு மட்டும் இன்சென்டிவ் குடுக்கற கம்பெனில இது நடக்காம இருந்தாத்தான் ஆச்சரியம்.

விலையை எப்படி முடிவு பண்றது? போட்டியாளரைவிட கம்மியா வெச்சா போதாதா?

விலையைத் தனியா பாக்காதீங்க, விலையும் பாக் சைஸும் ஜோடி. 1930-கள்ல பொருளாதார மந்தத்துல பெப்சி பண்ணினது இதுதான். கோக் ஆறரை அவுன்ஸ் பாட்டில் ஐஞ்சு சென்ட், பெப்சி அதே ஐஞ்சு சென்ட்டுக்கு பன்னிரண்டு அவுன்ஸ். விலை ஒண்ணு, அளவு கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. கைல காசு இல்லாத நேரத்துல யாருக்கும் விளக்கம் தேவைப்படல. அதுவே பின்னாடி பெப்சிக்கு மலிவு சரக்குங்கற பேரையும் வாங்கிக் குடுத்துச்சு, அதைத் துடைக்க ரொம்ப வருஷம் ஆச்சு. மலிவா நுழையறது சுலபம், அப்புறம் மேல ஏறறதுதான் கஷ்டம்.

விலையை ஏத்த முடியாம மாட்டிக்கறதும் உண்டு. 1899-ல கோகோ கோலா பாட்டில் உரிமையை ரெண்டு வக்கீல்களுக்கு ஒரே ஒரு டாலருக்கு எழுதிக் குடுத்தாங்க, சிரப் விலை மாறாத மாதிரி ஒப்பந்தம், முடிவு தேதியும் கிடையாது. பாட்லர்ங்க விலையை ஏத்தினா லாபம் அவங்களுக்கு, விற்பனை குறைஞ்சா அடி கம்பெனிக்கு. அதனால கம்பெனியே ஐஞ்சு சென்ட்னு எல்லா இடத்துலயும் பெருசா விளம்பரம் போட்டு பாட்லர்ங்க கையைக் கட்டிச்சு. ஒப்பந்தத்தை பின்னாடி மாத்திட்டாங்க, ஆனா அதுக்குள்ள ஒத்தக் காசு மட்டும் வாங்கற வெண்டிங் மெஷின்ங்க வந்து நிறைஞ்சிடுச்சு. 1886-ல ஆரம்பிச்ச அந்த விலை 1950-கள் வரைக்கும் போச்சு. 1953-ல வுட்ரஃப் நேரா அதிபர் ஐசன்ஹோவருக்கே கடிதம் எழுதி ஏழரை சென்ட் நாணயம் அடிக்கச் சொன்னார்னா நிலைமையைப் பாத்துக்கங்க! அடிக்கல.

இப்ப விலையை ஏத்தாம அளவைக் குறைக்கறது சகஜமாயிடுச்சு. செலவு ஏறும்போது எல்லாரும் பண்றதுதான், ஆனா பழைய பாட்டிலோட உருவத்தை அப்படியே வெச்சுக்கிட்டு அடியில குழி விட்டு ஏமாத்தற மாதிரி பண்ணினா கண்டுபிடிக்கறவங்க போட்டோ எடுத்துப் போட்டு மானத்தை வாங்கிடுவாங்க. சின்ன பாக், நடு பாக், குடும்ப பாக்னு ஏணி மாதிரி வெச்சு ஒவ்வொண்ணுக்கும் ஒரு காரணம் குடுக்கறது எப்பவுமே நல்லது.

பத்து சதவீதம் தள்ளுபடி போட்டா எவ்வளவு கூடுதலா விக்கணும்?

கிராஸ் மார்ஜின் (விலைல சரக்குச் செலவு போக மிச்சம்) 30 சதவீதம்னு வெச்சுக்கங்க. விலைல 10 போனா மிச்சம் 20, அதாவது பழைய லாபத்தையே பாக்கணும்னா 50 சதவீதம் அதிகமா விக்கணும். மார்ஜின் 20 தான்னா ரெண்டு மடங்கு விக்கணும். இதுல ஆஃபர் வாரத்துல வித்ததுல ஒரு பங்கு எப்படியும் முழு விலைக்கு வாங்கியிருக்கக் கூடியவங்க, சோப்பு மாதிரி சரக்குன்னா வாங்கி வெச்சுக்கிட்டு ரெண்டு மாசம் கடைப் பக்கமே வர மாட்டாங்க. பானத்துல ஒரு ஆறுதல், வீட்ல பெரிய பாட்டில் இருந்தா வேகமா குடிச்சுத் தீத்துடுவாங்க, அதனால குடும்ப பாக்குக்கு ஆஃபர் போடறது சோப்புக்குப் போடற அளவு வீணாப் போகாது. வருஷம் முழுக்க ஆஃபர்ல இருந்தா மட்டும் அதுதான் உங்க நிஜ விலைன்னு மக்கள் முடிவு பண்ணிடுவாங்க.

பாக்கெட் டிசைன் பழசாத் தெரியுது, மாத்தலாமா?

யாருக்குப் பழசாத் தெரியுதுன்னு முதல்ல கேளுங்க. தினமும் அதையே பாத்துக்கிட்டிருக்கற மார்க்கெட்டிங் டீமுக்குத்தான் முதல்ல சலிக்கும், வாங்கறவங்க அதை நின்னு ரசிக்கறதே இல்ல, தேடி எடுக்க ஒரு அடையாளமா வெச்சிருக்காங்க அவ்வளவுதான். 2009 ஜனவரில டிராப்பிக்கானா ஜூஸ்காரங்க, ஆரஞ்சுப் பழத்துல ஸ்ட்ரா குத்தியிருக்கற பழைய படத்தைத் தூக்கிட்டு, ஒரு கிளாஸ் ஜூஸ் படத்தைப் போட்டு, பேரையும் செங்குத்தா திருப்பி வெச்சாங்க. பாக்க சுத்தமா, நவீனமாத்தான் இருந்துச்சு. ரெண்டு மாசத்துக்குள்ள விற்பனை சுமார் 20 சதவீதம் விழுந்துச்சு, பிப்ரவரி கடைசில பழைய பாக்கெட்டையே திரும்பக் கொண்டு வரோம்னு அறிவிச்சுட்டாங்க. ஜூஸ் மாறல, விலை மாறல. வழக்கமா வாங்கறவங்களே ஷெல்ஃப்ல அதை அடையாளம் தெரியாம, ஏதோ கடையோட சொந்த பிராண்டுன்னு நினைச்சுத் தாண்டிப் போனாங்க.

மாத்தவே கூடாதுன்னு சொல்லல. நிறம், உருவம், எழுத்து, படம்னு நாலுல மக்கள் எதை வெச்சு கண்டுபிடிக்கறாங்கன்னு தெரிஞ்சுக்கிட்டு அதைத் தொடாம மத்ததை மாத்துங்க. 1915-ல கோக்குக்கு கண்ணாடி கம்பெனிங்ககிட்ட பாட்டில் டிசைன் கேட்டப்ப சொன்னதே, இருட்டுல தடவினாலும், உடைஞ்சு தரைல கிடந்தாலும் இதுதான்னு தெரியணும்னுதான். அந்த அளவுகோல் இன்னிக்கு வரைக்கும் செல்லும்.

டேஸ்ட் டெஸ்ட்ல நம்ம பானம்தான் ஜெயிச்சுது. அப்புறம் என்ன கவலை?

நியூ கோக் கிட்டத்தட்ட ரெண்டு லட்சம் டேஸ்ட் டெஸ்ட் தாண்டி வந்தது. 1975-ல பெப்சி ஆரம்பிச்ச பெப்சி சேலஞ்ச், கண்ணை மறைச்சா மக்கள் பெப்சியைத்தான் எடுக்கறாங்கன்னு காட்டிக் காட்டி கோக்கை நெருக்கினதால, கோக் ஃபார்முலாவையே இனிப்பா மாத்தி 1985 ஏப்ரல் 23-ல இறக்கினாங்க, பழசை நிறுத்திட்டாங்க. 79 நாள்ல பழசு கிளாசிக்னு பேர் வெச்சு திரும்பி வந்துச்சு. ரெண்டு விஷயம் தப்பாச்சு. ஒரு மடக்கு குடிக்கும்போது இனிப்பு அதிகமா இருக்கறது ஜெயிக்கும், முழு பாட்டில் குடிக்கும்போது அதே இனிப்பு திகட்டும். அதுக்கும் மேல, பழசு இனிமே கிடைக்காதுன்னு சொன்னா எப்படி இருக்கும்னு யாரையும் ஒழுங்கா கேக்கல. டெஸ்ட் பண்ணுங்க, ஆனா ஒரு கேஸ் வீட்டுக்குக் குடுத்தனுப்பி ரெண்டு வாரம் கழிச்சு ஃப்ரிட்ஜ்ல எத்தன மிச்சம்னு எண்ணுங்க. காலியான பாட்டில் பொய் சொல்லாது, ஃபார்ம்ல டிக் அடிக்கறவங்க மரியாதைக்காகவாவது சொல்லுவாங்க.

ரெகுலர் கஸ்டமர்களைப் பிடிச்சு வெச்சுக்கறதுல கவனம் வெக்கலாமா, புது ஆளுங்களைத் தேடலாமா?

இதுல என் கருத்து கொஞ்சம் கறாரா இருக்கும். இந்தத் துறைல லாயல்டி புரோகிராம்ல (திரும்பத் திரும்ப வாங்கறவங்களுக்கு சலுகை குடுக்கற திட்டம்) போடற காசுல பெரும்பங்கு எப்படியும் வாங்கப் போறவங்களுக்கே போகுது. 1960-கள்ல வில்லியம் மக்ஃபீங்கற ஆராய்ச்சியாளர் கவனிச்சு, அப்புறம் ஆண்ட்ரூ எரென்பர்க்ங்கற இன்னொரு ஆராய்ச்சியாளர் பல வருஷம் பல கேட்டகரில சோதிச்சுப் பாத்த ஒண்ணு இருக்கு, டபுள் ஜெபர்டின்னு சொல்லுவாங்க. சின்ன பிராண்டுக்கு வாங்கறவங்களும் கம்மி, அந்தக் கொஞ்ச பேரும் கொஞ்சம் கம்மியாத்தான் வாங்கறாங்க. அதாவது "ஆள் கம்மி ஆனா உயிரைக் குடுப்பாங்க"ங்கற பிராண்ட் கதை பெரும்பாலும் கதைதான். பிராண்ட் வளரும்போது முதல்ல ஏறறது வாங்கறவங்க எண்ணிக்கை. வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவை எடுக்கறவங்க கூட்டம்தான் பெருசு, அவங்களுக்கு உங்க பேர் ஞாபகத்துல இருக்கணும், கைக்கு எட்டணும்.

அப்ப விளம்பரத்தோட வேலைதான் என்ன?

ஞாபகப்படுத்தறது. உடனே ஓடிப் போய் வாங்க வெக்கற விளம்பரம் இங்க அபூர்வம். தாகம் எடுக்கற நேரம், சாப்பாட்டு நேரம், படம் பாக்கற நேரம்னு ஒரு சந்தர்ப்பத்தோட பேரை ஒட்டி வெக்கறதுதான் நடக்குது, அதுக்கு ஒரே நிறம், ஒரே ராகம், ஒரே மாதிரி தொனி வருஷக்கணக்கா வேணும். புது ஏஜென்சி வந்ததும் எல்லாத்தையும் கலைச்சிட்டு ஆரம்பிக்கறதுல பிராண்டுக்கு லாபம் இல்ல, ஏஜென்சிக்கு வேணா அவார்டு கிடைக்கும். 2011-ல ஆஸ்திரேலியால கோக் பாட்டில் மேல அங்க சகஜமா இருக்கற 150 பேர்களைப் போட்டாங்க, ஆளாளுக்கு அவங்க பேரைத் தேடினாங்க, அப்புறம் பல நாட்டுக்கும் போச்சு. அதுல எனக்குப் பிடிச்சது என்னன்னா விளம்பரமே கூலருக்குள்ள இருந்துச்சு, தேடணும்னா கதவைத் திறந்தாகணும்.

காசு கம்மி. பெரிய கம்பெனிங்களோட எப்படி மோதறது?

மோதாதீங்க, அவங்க நிக்காத இடமாப் பாத்து நில்லுங்க. டீட்ரிஷ் மாத்தஷிட்ஸ்ங்கற ஆஸ்திரிய ஆள், தாய்லாந்துல கிராதிங் டேங்ங்கற டானிக் மாதிரியான பானத்தைப் பாத்துட்டு, அதோட சொந்தக்காரர் சாலியோ யூவித்யாவோட கூட்டு சேந்து, சோடா மாதிரி கேஸ் அடைச்சு, சின்ன ஒல்லியான கேன்ல 1987-ல ஆஸ்திரியால இறக்கினார். அதான் ரெட் புல். கோலா பக்கத்துல கோலாவா நிக்கல, அளவு கம்மி விலை அதிகம், தூக்கம் போகணும்னா குடின்னு ஒரே ஒரு சந்தர்ப்பம். டிவில கோடி கோடியா கொட்டறதுக்குப் பதிலா காலேஜ் பசங்க, நைட் கிளப், சாகச விளையாட்டுன்னு போனாங்க. 2012 அக்டோபர் 14-ல ஃபெலிக்ஸ் பாம்கார்ட்னர் சுமார் 39 கிலோமீட்டர் உயரத்துல இருந்து குதிச்சப்ப உலகமே பாத்துச்சு, ஆனா அது கம்பெனி பெருசான அப்புறம் நடந்த கதை, அதைப் பாத்துட்டு முதல் வருஷமே ஈவென்ட்ல காசை விடாதீங்க. அதுக்கும் முன்னாடி 1960-கள்ல செவன் அப் "கோலா இல்லாதது"ன்னு தன்னைச் சொல்லிக்கிட்டு, கோலா வேணாம்னு நினைக்கறவங்களுக்கு முதல்ல ஞாபகம் வர்ற பேரா ஆச்சு.

புது ஃப்ளேவர் விட்டா விற்பனை ஏறுமா?

முதல் மூணு மாசம் ஏறும். அப்புறம் பாதி உங்க பழைய ஃப்ளேவர்லயே இருந்து பிடுங்கினதுன்னு தெரியும். ஒவ்வொரு எஸ்கேயூவும் (ஃப்ளேவர், சைஸ்னு தனியா கணக்கு வெக்கற ஒவ்வொரு சரக்கும்) ஃபேக்டரி லைன்ல ஒரு தடவை கழுவி மாத்தற நேரம், குடோன்ல ஒரு மூலை, கடை ஷெல்ஃப் முன் வரிசைல ஒரு இடம் தின்னுது. டயட் கோக் மாதிரி (1982) உண்மையிலயே வேற ஆளுங்களைக் கொண்டு வர்றது இருந்தா செய்யுங்க. அதே கம்பெனி 2020-ல சுமார் 400 பிராண்டை பாதியா குறைக்கறோம்னு சொல்லி 1963-ல இருந்து வந்த டேப்ங்கற டயட் கோலாவையே நிறுத்திடுச்சு. கூட்டும்போது இருக்கற உற்சாகம் கழிக்கும்போது யாருக்கும் இருக்கறதில்ல.

கடையே வேணாம், ஆன்லைன்ல நேரா விக்கலாம்னு இருக்கேன்.

ரேசர் பிளேடுக்கு அது நடந்துச்சு, ஆன்லைன்ல பிளேடு வித்த டாலர் ஷேவ் கிளப்பை 2016-ல யூனிலீவர் வாங்கினாங்க. பிளேடு லேசு, கவர்ல போயிடும். தண்ணியை கூரியர்ல அனுப்பறது வேற கணக்கு. பவுடர், சிரப், கான்சன்ட்ரேட்னா யோசிக்கலாம். ரெடியா குடிக்கற பானம்னா ஆன்லைனை சாம்பிள் குடுக்கவும் யார் திரும்ப வாங்கறாங்கன்னு பாக்கவும் வெச்சுக்கங்க.

சர்க்கரை வரி, எச்சரிக்கை லேபிள் எல்லாம் வருதே, என்ன பண்றது?

வரி எப்படி எழுதப்பட்டிருக்குன்னு படிங்க, அதுல இருந்தே பதில் வரும். மெக்ஸிகோல 2014-ல லிட்டருக்கு ஒரு பெசோன்னு போட்டாங்க, சர்க்கரை அளவைக் குறைச்சா வரி குறையாது, அதனால ஃபார்முலாவைக் கொஞ்சமா மாத்தி புண்ணியமில்ல. பிரிட்டன்ல 2018 ஏப்ரல்ல வந்தது படிக்கட்டு மாதிரி, 100 மில்லிக்கு 5 கிராம், 8 கிராம்னு ரெண்டு கோடு. உடனே நிறைய பேர் 5-க்குக் கீழ வர்ற மாதிரி ஃபார்முலாவை மாத்திட்டாங்க. ஸ்காட்லாந்து சோடாவான இர்ன்-ப்ரூ மாத்தினப்ப பழசை வாங்கிப் பதுக்கின ரசிகர்கள்லாம் உண்டு. அசல் கோக் மட்டும் ஃபார்முலாவைத் தொடல, 1985 ஞாபகம் இருக்கும் போல, வரியைக் கட்டி பெரிய பாட்டிலை 1.75 லிட்டர்ல இருந்து 1.5-ஆ சுருக்கிட்டாங்க. சிலி 2016-ல கருப்பு எட்டுக்கோண முத்திரையும் போட்டு, அந்த முத்திரை இருக்கற பாக்கெட்ல குழந்தைகளை இழுக்கற கார்ட்டூனையும் தடை பண்ணினாங்க. வருஷக்கணக்கா ஒரு பொம்மையை நம்பியே பிராண்டைக் கட்டினவங்களுக்கு ஒரே நாள்ல முகம் போச்சு.

ஏதாவது தப்பு நடந்து சரக்கைத் திரும்ப எடுக்க வேண்டி வந்தா?

எடுத்துடுங்க, வேகமா. ஆனா பேர் கெடறது ரீகாலால மட்டும் இல்ல. 2004-ல பிரிட்டன்ல தசானி தண்ணியை கோகோ கோலா இறக்கினப்ப, அது சுத்திகரிச்ச குழாய்த் தண்ணிதான்னு பத்திரிகைங்க கிண்டல் பண்ண ஆரம்பிச்சுட்டாங்க, அந்தச் சூடு ஆறறதுக்குள்ள புரோமேட்ங்கற ரசாயனத்தோட அளவு வரம்பைத் தாண்டியிருக்குன்னு தெரிஞ்சு சுமார் 5 லட்சம் பாட்டிலை மார்ச்ல திரும்ப எடுத்தாங்க, பிராண்ட் அங்க திரும்பி வரவே இல்ல. முதல் கிண்டல் நடக்காம இருந்திருந்தா ரெண்டாவதைத் தாங்கியிருக்கலாம்னு எனக்குத் தோணும்.

பிராண்ட் மேனேஜர்னா விளம்பரம் பாக்கறவரா?

1931-ல பி அண்ட் ஜி (ப்ராக்டர் அண்ட் கேம்பிள்) கம்பெனில நீல் மெக்எல்ராய், கேமே சோப்பு அதே கம்பெனியோட ஐவரி சோப்புக்குப் பின்னாடி நிக்கறதைப் பாத்துட்டு, ஒவ்வொரு பிராண்டுக்கும் தனி ஆள் வேணும்னு மூணு பக்க மெமோ எழுதினார். அந்த வேலையே அதுல இருந்து வந்தது. அதுலயே எந்த ஏரியால விக்கல, ஏன் விக்கல, சேல்ஸ்மேன்கிட்டயும் டீலர்கிட்டயும் போய்ப் பாருன்னுதான் இருக்கு. (ஆள் பின்னாடி அமெரிக்க பாதுகாப்பு அமைச்சராவே ஆயிட்டார்.)

முதல் வருஷம் எந்த நம்பரைப் பாக்கணும்?

டிரையல் (முதல் தடவை வாங்கினவங்க), ரிபீட் (திரும்ப வாங்கினவங்க). மொத்த விற்பனை இந்த ரெண்டையும் கலந்து காட்டும், பிரிச்சுப் பாருங்க. டிரையல் கம்மி, ரிபீட் நல்லா இருக்குன்னா சரக்குல குறை இல்ல, கடை கூட்டணும், சாம்பிள் குடுக்கணும். டிரையல் எகிறி ரிபீட் படுத்துடுச்சுன்னா விளம்பரத்தை உடனே நிறுத்திட்டு டேஸ்ட்டையோ விலையையோ பாக்கையோ சரி பண்ணுங்க, இல்லன்னா பிடிக்காதுன்னு சொல்ற ஆளுங்களை காசு குடுத்து சேத்துக்கிட்டே இருப்பீங்க. பெரிய ரிசர்ச் ஏஜென்சி டேட்டா வாங்க காசு இல்லைன்னா, ஒரு இருபது கடைக்காரங்களோட பேசி வெச்சுக்கங்க, வாரத்துக்கு ஒரு தடவை ஸ்டாக் எண்ணுங்க, யார் வந்து பேர் சொல்லிக் கேட்டாங்கன்னு கேளுங்க. பேர் சொல்லிக் கேக்க ஆரம்பிச்சிட்டாங்கன்னா அடுத்த ஏரியாவுக்கு டிஸ்ட்ரிபியூட்டர் தேடலாம்.